பால்கேன் தாங்கி

நீங்க எந்திரிக்காதீங்கக்கா. பீடி இலைச் சுளவை மடியை விட்டு இறக்கவும் வேண்டாம். நீங்க பாட்டுக்குப் பீடியைச் சுத்துங்க, நான் பாட்டுக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன். ஒரு செம்பு தண்ணி மட்டும் குடுத்தாப் போதும். வெயிலா இது, சவம், மண்டையைப் பொளக்குது.

டீயா? எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம். சரி, போடுங்க. சீனி மட்டும் வேண்டாம், எனக்கு ஆகாது.

எம் பேரு எப்சிபா. இஞ்சினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல இருக்கேன். நேராச் சொல்லிருதேன், நான் பிள்ளை பிடிக்க வந்திருக்கேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். பரீட்சை ரிசல்ட் வந்த மறுநாளே எங்க காலேஜ்ல வாத்தியார்மார் எல்லாரையும் ஊர் ஊராப் பத்தி விட்டுருவாங்க. டாக்டர் பட்டம் வாங்கினவனும் போகணும், நேத்து வேலைக்குச் சேந்தவனும் போகணும். பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளை எந்த வீட்டுல இருக்குன்னு விசாரிச்சு, கதவைத் தட்டி, எங்க காலேஜ்ல சேத்து விடுங்கன்னு கேக்கணும். கையில ஒரு பையும் குடுத்து விடுவாங்க. இந்தா பாருங்க, காலேஜ் படம் போட்டது. உள்ள பேனா இருக்கு, காலண்டர் இருக்கு. வச்சுக்கிடுங்க, சேந்தாலும் சேராட்டாலும் இது உங்களுக்குத்தான்.

கூட ஜெரோம் சார்னு ஒருத்தர் வந்தார், கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட். அவர் ஆலங்குளத்துல ஏசி வண்டியை விட்டு இறங்கவே இல்ல. அவருக்குப் போன்லயே ஆள் சேந்துருது. எனக்கு அப்படியா? காலைலருந்து எத்தனை வாசல் ஏறி இறங்கிட்டேன். மேலத்தெருவுல ஒரு வீட்டுல அம்மா இருக்காங்களான்னு கேட்டா, ‘அம்மா இல்லையே’ன்னு அம்மாவே சொல்லுது! இன்னொரு வீட்டுல நாயை அவுத்து விட்டுட்டாங்க. நீங்க ஒரு ஆள்தான் ‘உள்ள வாங்க, சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டீங்க. சாப்பாடு இருக்குக்கா, கொண்டாந்திருக்கேன். பொறவு சாப்பிடுதேன்.

உங்க மவன் பேரு இசக்கிராஜாதானே? பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் சொன்னார். மேல என்ன படிக்கப் போறீங்கன்னு கேட்டதுக்கு எல்லாப் பிள்ளையும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு கையைத் தூக்குச்சாம். இவன் ஒருத்தன் மட்டும் மெக்கானிக்கல்னானாம். அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலக்கா. ஜெரோம் சார்ட்டகூடச் சொல்லாம நேரா இங்க வந்துட்டேன். பையன் எங்க, உள்ளதான் இருக்கானா? கூச்சப்படுவான். இருக்கட்டும், வரும்போது வரட்டும்.

ஒளிக்காமச் சொல்லுதேன். போன வருசத்தோட எங்க டிபார்ட்மென்ட்ல பிள்ளைங்க தீந்து போச்சு. இந்த வருசம் பேருக்கு ஒரு ஆளாவது சேரலைன்னா இழுத்து மூடிருவோம்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. என் லேப்ல இருக்க கம்ப்யூட்டரை எல்லாம் தூக்கி அடுத்த பில்டிங்குக்குக் கொண்டு போயிருவாங்க. என்னை லேடீஸ் ஹாஸ்டல் ஆபீஸ்ல உக்கார வைப்பாங்களாம், எந்தப் பிள்ளை எப்ப வெளிய போகுது, எப்ப வருதுன்னு பாக்க. தலை நரைக்கிற அளவுக்குப் பாடம் எடுத்தவ நான். எனக்கு இந்தக் கெதி. அதான் கேக்கேன், ஒரு ஆள் போதும்க்கா. ஒரே ஒரு ஆள்.

என்ன பாடம் எடுக்கேன்னு கேக்கீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்லுதேன். அப்படியே அண்ணாந்து பாருங்க. ஃபேன் சுத்துதுல்லா? அது எதுல தொங்குது? ஒரு கொக்கில. அந்தக் கொக்கி நாளைக்கு உடைஞ்சு நம்ம தலையில விழுமா, விழாதா? செஞ்சு மாட்டிப் பாத்துதான் தெரிஞ்சுக்கிடணும்னு இல்ல. கொக்கியைக் கம்ப்யூட்டர்ல வரையணும். இங்க பிடிச்சிருக்கு, இங்க பாரம் தொங்குதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். அது கொக்கியைப் பொடிப்பொடிக் கட்டமா நறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு வேதனைன்னு கணக்குப் போட்டு, கலர்ல காட்டும். நீலமா இருந்தாப் பயமில்ல. சிவப்பா இருந்தா அங்கதான் விட்டுப் போகும். ஒரு சாமான் பிறக்கிறதுக்கு முந்தியே அது எங்க உடையும்னு பாக்கிற படிப்புக்கா இது. இதை விட்டுட்டு எல்லாம் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு ஓடுது. ஏல, இதுவும் கம்ப்யூட்டர்லதாம்ல இருக்கு!

ஒரு காலத்துல லேப் நிறைஞ்சு கெடக்கும். ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர் உக்காந்து, நீ தள்ளு நான் தள்ளுன்னு சண்டை போடுவானுவ. நான் உள்ள வந்தா கப்புனு அடங்கிரும். எனக்குக் கோவம் வரும்க்கா, அது ஊருக்கே தெரியும். ஆனா என் பாடத்துல ஃபெயிலானவன் ரொம்பக் கம்மி.

பொறவுதான் நிர்வாகத்துல ஒரு சட்டம் போட்டாங்க. முதல் வருசம் முடிச்சவன் இஷ்டப்பட்டா கம்ப்யூட்டருக்கு மாறிக்கிடலாம்னு. அவ்வளவுதான். ஒருத்தன் பின்னால ஒருத்தனாப் போனானுவ. மேடம், போயிட்டு வாரோம்னு சொல்லக்கூட இல்ல, படுபாவிங்க. கூட இருந்த சார்மாரும் வேற காலேஜ், வேற சோலின்னு கிளம்பிட்டாங்க. கடைசில மிஞ்சினது ரெண்டு பேர். நான் ஒருத்தி, கொம்பையா ஒருத்தன்.

கொம்பையா என் ஸ்டூடண்டுக்கா. சிவகிரிப் பக்கம். தாத்தா பேரை வச்சிருக்காங்க. அப்பா பால்காரர், மொபெட்ல ரெண்டு பக்கமும் கேனைத் தொங்க விட்டுட்டு வீடு வீடா ஊத்துவார். பயல் வாயைத் திறந்து பேசமாட்டான். அவனும் மாறுதல் கேட்டு ஒரு பேப்பரை எழுதித் தூக்கிட்டு வந்தான். லேப் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு உள்ளயும் வராம, போகவும் போகாம. ‘நீயுமால போற?’ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் பேப்பரை வாங்கி மேசைக்குள்ள வச்சேன். நாளைக்குப் பேசுவோம், இப்பச் சிஸ்டத்தைப் போடுன்னேன். மறுநாளும் வேற பாடம் இருந்துச்சு. அப்படியே கடைசித் தேதி போயிருச்சு. பயலுக்கும் அதுக்கப்புறம் கேக்கணும்னு தோணல. நல்லவேளை, தப்பிச்சான். கூட்டத்தோட கூட்டமாப் போயி என்ன கிழிச்சிருப்பான் சொல்லுங்க.

ஒரு ஆளுக்கு வகுப்பு எடுக்கது லேசுன்னு நினைச்சிராதீங்க. நான் எதையும் குறைக்கல. வந்த உடனே அட்டெண்டன்ஸ் எடுப்பேன். ‘கொம்பையா’ம்பேன். ‘உள்ளேன் மேடம்’பான். ‘எல்லாரும் போர்டைப் பாருங்க’ம்பேன். அவன் பாப்பான். மொதல்ல அவனுக்குச் சிரிப்பா இருந்துச்சு. ஒரு நாள் வாய்விட்டுச் சிரிச்சுட்டான், வெளிய நில்லுன்னு சொல்லிட்டேன். அவன் வெளிய போன பொறவுதான் பாத்தா, நான் யாருக்குப் பாடம் எடுக்க? கொஞ்ச நேரம் போர்டுல எழுதிக்கிட்டே இருந்தேன். பொறவு கதவைத் திறந்து, சரி வான்னேன்.

அவன் லீவு போட்டா எனக்கு அன்னைக்குப் பொழுதே போகாது. அக்கா கல்யாணம்னு ஒரு வாரம் போயிட்டான். ஒரு வாரமா? கல்யாணம் ஒரு நாள்தானே? போன் போட்டுக் கேட்டேன், ‘நீயால தாலி கட்டப் போற?’ன்னு. பின்னால மேளச் சத்தம் கேக்குது. வாரேன் மேடம்னு சொல்லி மறுநாளே வந்துட்டான், நெத்தியில சந்தனத்தோட. பொறுப்பான பிள்ளைக்கா.

மத்தியானம் என்கூடத்தான் சாப்பிடுவான். நான் ஒண்ணும் அவனுக்காகச் சமைக்கல, தப்பா நினைக்காதீங்க. ஒரு ஆளுக்கு வச்சா குழம்பு குழம்பாவா வருது? எங்கம்மா இருந்த வரைக்கும் ரெண்டு பேருக்கு வச்சுப் பழகின கை. கல்யாணமா? அதெல்லாம் இல்லக்கா. அந்த வயசுல டாக்டர் பட்டத்துக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன். பட்டம் வந்தப்ப அந்த வயசு போயிருச்சு. அதை விடுங்க. அந்தப் பயலுக்குப் புளிக்கொழம்பு பிடிக்காது. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே சாப்பிடுவான், ஆனா மிச்சம் வைக்கமாட்டான்.

பாடத்துல முதல்ல எல்லாப் பயலும் ஒரே தப்புத்தான் பண்ணுவான். ஒரு சாமானைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, எங்கயும் பிடிக்காம விட்டுட்டா, அது அந்தரத்துல நிக்கும். கொஞ்சூண்டு தள்ளினாப் போதும், எங்க போச்சுன்னே தெரியாம ஓடிரும். கணக்கு வராது, கம்ப்யூட்டர் தப்புத் தப்புன்னு கத்தும். அதுக்குப் பயந்துக்கிட்டு இவனுவ என்ன செய்வானுவ, மேல, கீழ, பக்கத்துல, எல்லா முகத்தையும் பிடிச்சு வச்சுருவானுவ. பாரம் போடுற இடத்தையும் சேத்துப் பிடிச்சுருவானுவ! பொறவு எப்படி வளையும்? முழுக்க நீலமா வரும். கொம்பையாவும் அப்படித்தான் ஒரு நாள் வந்து பல்லைக் காட்டிட்டு நிக்கான். ‘மேடம், எத்தனை கிலோ போட்டாலும் ஒண்ணும் ஆகல.’ எனக்கு வந்துச்சே கோவம். ‘ஏல கூறுகெட்டவனே, நாலா பக்கமும் இறுக்கிப் பிடிச்சு வச்சா ஒண்ணும் ஆகாதுதான். அது பலமால? அசைய விடலன்னு அர்த்தம். உலகத்துல எந்தச் சாமானாவது அப்படியா நிக்குது? எங்க பிடிக்கணுமோ அங்க மட்டும் பிடி, மிச்சத்தை விடு. விட்டாத்தான் அதோட பலம் தெரியும்’னேன். ஒரு மாதிரி என்னையே பாத்துக்கிட்டு நின்னான். ‘என்னல பாக்க?’ன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல மேடம்னுட்டான். அவன் எப்பவுமே அப்படித்தான், பாதிப் பேச்சு உள்ளயே நிக்கும்.

ஆனா புத்தி இருந்துச்சுக்கா அவனுக்கு. கடைசி வருசத்துக்கு ஒரு புராஜெக்ட் செய்யணும். என்ன செய்யப் போறன்னு கேட்டா, அப்பா மொபெட்ல கேன் மாட்டுற தாங்கி அடிக்கடி விட்டுப் போகுது மேடம், அதைச் செய்யட்டுமான்னு கேட்டான். எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. வரைய உக்காந்தப்ப நான் சொன்னேன், ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தானே இருக்கு, ஒரு பாதியை வரைஞ்சாப் போதும், மத்த பாதியும் அதேதான்னு. அதுதான் வழக்கம், வேலை மிச்சம். அவன் மெதுவாச் சொல்லுதான், ‘இல்ல மேடம், அப்பா இடது பக்கக் கேனைக் காலி பண்ணிட்டுத்தான் வலது பக்கக் கேனைத் திறப்பாரு. பாதி வழிக்கு மேல வண்டி ஒரு பக்கமாத்தான் இழுக்கும்’னு. பாத்தீங்களா! இத்தனை வருசத்துல என்கிட்ட அப்படிப் பேசின ஸ்டூடண்ட் கிடையாது. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போயி, யார்ட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. யார்ட்டச் சொல்ல? அம்மா போட்டோவைப் பாத்துச் சொன்னேன். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க.

அப்ப ஒரு தொந்தரவு வந்துச்சு. ஓசூர்ல ஒரு கம்பெனி. இவனுக்கு முந்தி எங்கள்ட்ட படிச்ச பையன் ஒருத்தன் அங்க இருக்கான், அவன் இழுத்திருக்கான். கடைசி ஆறு மாசத்துப் புராஜெக்ட்டை அங்கயே வந்து செய்யி, பிடிச்சிருந்தா அப்படியே வேலைல வச்சுக்கிடுவாங்கன்னு. வழிகாட்டுற வாத்தியார் சரின்னு சொல்லணும். வாத்தியார் யாரு? நான்தான். நான் முடியாதுன்னுட்டேன்.

ஏன்னு கேளுங்க. அங்க போனா என்ன செய்ய விடுவான்? காலைலருந்து சாயந்திரம் வரைக்கும் அவன் குடுக்க படத்தைத் திருப்பி வரையச் சொல்லுவான். ஒரு கொக்கி உடையுமா உடையாதான்னு யோசிக்க விடுவானா? இங்க நான் எவ்வளவு பாத்துப் பாத்துச் சொல்லிக் குடுத்தேன். அதெல்லாம் பாழாப் போகும். அதுவும் போக, அந்த நேரத்துல யுனிவர்சிட்டிலருந்து பாக்க வாரதா இருந்துச்சு. டிபார்ட்மென்ட்ல இருக்கதே ஒரு பையன், அவனும் ஓசூர்ல இருந்தா நான் யாரைக் காட்ட? ஆனா முக்கியமா அவன் நல்லதுக்குத்தான். அவன்ட்டயும் அதைத்தான் சொன்னேன். ரெண்டு மூணு தடவை வந்து கேட்டான். பொறவு கேக்கல.

அவங்க அப்பா ஒரு நாள் வந்தார். மொபெட்டை வெளிய நிப்பாட்டிட்டு, ஒரு தூக்குச்சட்டி நிறையப் பால் கொண்டாந்தார். எவ்வளவு மரியாதை பாருங்க. நான் லேப்லயே வச்சு அவர் பால்லயே அவருக்குக் காபி போட்டுக் குடுத்தேன். அவர் பையன் செஞ்ச தாங்கியைக் கம்ப்யூட்டர்ல திருப்பித் திருப்பிக் காட்டினேன். பொடிப்பொடியா எப்படி நறுக்கியிருக்கான், எந்த இடம் எந்தக் கலர், எல்லாம் விளக்கமாச் சொன்னேன். கை கட்டிக்கிட்டே கேட்டார். ‘டீச்சர், பயலுக்கு ஒரு வழி...’ன்னு என்னமோ ஆரம்பிச்சார். வழிதான் இந்தா பாருங்களேன்னு அடுத்த படத்தைக் காட்டினேன். பொறவு ‘வாரேன் டீச்சர்’னு கிளம்பிட்டார். அந்த மனுசன் அவ்வளவு தூரம் வண்டிய ஓட்டிக்கிட்டு என்னத்துக்கு வந்தார்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

சரி, அந்தத் தாங்கிக்கு வருவோம். கொம்பையா அதை இரும்புல செஞ்சு அப்பா வண்டில மாட்டணும்னு நின்னான். பொறுன்னேன். கட்டத்தை இன்னும் பொடிசா நறுக்கு. மேட்டுல ஏறினா என்ன ஆகும், பள்ளத்துல விழுந்தா என்ன ஆகும், அதையும் பாரு. அவன் பாத்துக்கிட்டே இருந்தான். அவன் பாக்கப் பாக்க எனக்கும் புதுசு புதுசாச் சந்தேகம் வந்துச்சு. சாயந்திரம் பஸ் வரைக்கும் ரெண்டு பேரும் அதுலயே இருப்போம். அந்த ஆறு மாசம் மாதிரி ஒரு ஆறு மாசம் எனக்கு வாழ்க்கைல கிடையாதுக்கா. பொய் சொல்லல. காலைல எந்திரிக்கும்போதே சந்தோசமா எந்திரிப்பேன்.

பாஸ் பண்ணிட்டான். நல்ல மார்க். கடைசி நாள் அவனுக்காகக் கறிக்கொழம்பு வச்சுக் கொண்டு போனேன். சாப்பிட்டான். கையைக் கழுவிட்டு, ‘வாரேன் மேடம்’னான். வாரேன்னுதான் சொன்னான். அதுக்கப்புறம் வரல.

இப்பவா? திருநெல்வேலில இருக்கான். ஆன்லைன்ல சாமான் வாங்குதோம்லா, அதை வீடு வீடாக் கொண்டு குடுக்க வேலை. ஓசூர்க்காரன் வேற ஆளை எடுத்துட்டானாம். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், அவன் புத்திக்கு நல்ல வேலை வரும். நான் போன் போடுவேன். ரிங் போகும், எடுக்கமாட்டான். வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பான், பாவம். வண்டில போகும்போது போனை எடுக்கக்கூடாதுல்லா.

ஒண்ணு சொன்னாச் சிரிப்பீங்க. நானும் திருநெல்வேலிலதானே இருக்கேன். ஆன்லைன்ல ஏதாவது வாங்கினா அவன் கொண்டு வருவான்னு ஒரு நெனப்பு. ஒரு வாரம் சீப்பு வாங்கினேன். ஒரு வாரம் டார்ச் லைட்டு. பொறவு இன்னொரு டார்ச் லைட்டு. மணி அடிச்சா ஓடிப் போயிக் கதவைத் திறப்பேன். வேற வேற பயலுவதான் வாரானுவ. கொம்பையாவைத் தெரியுமான்னு கேப்பேன். ஒருத்தன் தெரியும்னான். ‘உங்க தெரு ஆர்டர் வந்தா அவன் எடுக்கமாட்டான் மேடம், எங்கள்ட்ட மாத்தி விட்டுருவான்’னான். எங்க தெரு குண்டும் குழியுமாக் கெடக்கும், ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. அதான். வீடு பூரா இப்ப டார்ச் லைட்டாக் கெடக்கு, உங்களுக்கு வேணும்னா ரெண்டு தாரேன்.

தனியா இருக்கது எனக்குப் பழக்கம்தான்க்கா. வீட்டுல தனியா இருப்பேன், பஸ்ல தனியா வருவேன், ஒண்ணும் தெரியாது. ஆனா அந்த லேப்ல தனியா இருக்க முடியல. இந்த ஏப்ரல் பூராவும் போயி உக்காந்திருந்தேன். எல்லாச் சிஸ்டத்தையும் போட்டு விடுவேன், கொஞ்சம் சத்தமாவது கேக்கட்டும்னு. ஒரு நாள் வாய் தவறி ‘கொம்பையா’ன்னு அட்டெண்டன்ஸ் எடுத்துட்டேன். கூப்பிட்ட பொறவு பயமா இருந்துச்சு. எனக்கு என்னமும் ஆயிருச்சோன்னு பயம். மூஞ்சியக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

அட, இந்தா வந்துட்டானே! வாப்பா இசக்கிராஜா, இப்படி உக்காரு. உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? மோட்டாரைப் பிரிச்சுப் போடுவியாமே, ஹெட்மாஸ்டர் சொன்னார். திருப்பி மாட்டுவியா? மாட்டுவியா! அப்பச் சரி. இந்தா, போனைப் பாரு. இதான் கொம்பையா அண்ணன் செஞ்ச தாங்கி. இது பிடிக்கிற இடம், இது கேன் தொங்குற இடம். எங்கயாவது சிவப்பு இருக்கா பாரு. இருக்காது. எப்படி வளைச்சிருக்கான் பாத்தியா?

என்ன கேக்க? செஞ்சு மாட்டினாங்களாவா? இல்லப்பா. செய்யல. அதுக்குள்ள அவங்க அப்பா பழைய வண்டியக் குடுத்துட்டு வேற வண்டி மாத்திட்டாரு. ஆனா உடையாது. எத்தனை வருசமானாலும் அது உடையவே உடையாது, நான் கேரண்டி.

கிளாஸ்ல எத்தனை பேரா? கிளாஸ்ல... நீ ஒருத்தன்தான். அதுக்கென்ன? நல்லதுதானே! எல்லாச் சிஸ்டமும் உனக்குத்தான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணுல உக்காரு. என்ன சந்தேகம்னாலும் நான் உனக்காக மட்டும் நிப்பேன். இரு, கொம்பையாட்டயே பேசு, அவன் சொல்லுவான் என்னைப் பத்தி. ஸ்பீக்கர்ல போடுதேன். ரிங் போகுது பாரு. போகுது. போகுது...

எடுக்கலை. சொன்னேன்லா, வண்டில இருப்பான்.

நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கக்கா. உங்க மவன் என் பொறுப்பு. காலேஜ் பஸ்ல என் பக்கத்து சீட்டு. மத்தியானம் என் சாப்பாடு. ஓசூர், மெட்ராஸ்னு எவன் வந்து கூப்பிட்டாலும் விட்டுருவேனா? இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைய விடமாட்டேன். நாலு வருசமும் நான் பிடிச்சுக்கிடுவேன்.

ஏன்க்கா, சுளவை இறக்கி வச்சுட்டீங்க? பையனைக் கடைக்கா அனுப்புதீங்க? இப்பவா? என்ன வாங்க? சீனியா? நான்தான் சீனி வேண்டாம்னேனே... சரி, வீட்டுக்கு வேணுமாயிருக்கும். போயிட்டு வாப்பா, மெதுவாப் போயிட்டு வா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. சைக்கிள்லதான போறான், வெரசா வந்துருவான். நல்ல கேள்வி கேக்கான்க்கா. செஞ்சாங்களான்னு கேட்டான் பாத்தீங்களா? கொம்பையாவும் இப்படித்தான், எடுத்த எடுப்புல அடி மடியில கை வைப்பான்.

கடை எங்க இருக்கு? ஊரைத் தாண்டியா?

சுளவை எடுத்து மடியில வைங்க. சுத்துங்கக்கா, என்னால உங்க சோலி கெட வேண்டாம். டீ நல்லா இருந்துச்சு. ஜெரோம் சார் மெசேஜ் போட்டிருக்கார், வண்டி கிளம்பப் போகுதாம். போகட்டும், நான் பஸ்ல போயிக்கிடுதேன். பையன் வரட்டும். அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருவேன், ஒரே ஒரு வார்த்தை.

வெயில் தாந்துருச்சே. இன்னும் பையனைக் காணோம்.

வாங்கக்கா, சாப்பிடுவோம். ஒரு தட்டு மட்டும் எடுங்க, எனக்கு டப்பா மூடி போதும். இல்ல இல்ல, நிறைய இருக்கு. எப்பவும் நிறையத்தான் இருக்கும். அம்மா போயி இத்தனை வருசமாச்சு, அந்தப் பயலும் போயிட்டான், ஒரு ஆளுக்குச் சமைக்க மட்டும் எனக்கு இன்னும் வரலக்கா.